மூன்று ஏக்கருக்கு ஜம்போ அண்ணன் வாங்கிய டிராக்டர்

தனக்குச் சரியான அளவில் ஒரு பொருளைக்கூட வாழ்நாளில் வாங்காத மனிதர் இந்தக் கெடா மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் எனக்கு எதிர்வீட்டில் வந்து வாய்த்தார். கோலா கெத்திலில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அவரைத் தெரியாதவர் கிடையாது. பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. மீன்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் ஜம்போ அண்ணன்.

ஆள் ஆறடிக்கு மேல். உடனே, பெரிய ஆளுக்குப் பெரிய சாமான்தானே என்று வக்காலத்து வாங்காதீர்கள். அவர் போடுகிற சட்டை அவருக்கே இரண்டு சைஸ் பெரிசு. வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். சோற்றுப் பானையோ கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து இரவல் கேட்கிற அளவு. அவர் வாங்கிய ஐஸ்பெட்டி வாசல் வழியாக உள்ளே நுழையவில்லை. அதனால் ஐஸ்பெட்டி போர்ச்சில் நின்றது, கார் வெளியே மழையில் நின்றது. ஒருமுறை தொழிற்சாலைக் காற்றாடி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினார். சுவிட்சைத் தட்டியதும் சாமிப் படமெல்லாம் சுவரை விட்டு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. என் தட்டிலிருந்த அப்பளம் பறந்துபோய் வாசலில் விழுந்தது. "காத்து வருதா தம்பி?" என்று அந்த இரைச்சலில் கத்திக் கேட்டார். வருதாவா! நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏண்ணே, உங்களுக்கு எல்லாமே இப்படிப் பெரிசாத்தான் வேணுமா?"

"சுங்கை பட்டாணி ஃபேக்டரியில நான் என்ன வேல பாத்தேன்னு தெரியும்ல?"

"தெரியும். ஜாகா." ஜாகா என்றால் எங்கள் பக்கம் வாசல் காவல்காரர்.

"அந்தக் கூண்ட நீ பாத்ததில்ல. உள்ள உக்காந்தா முட்டி மேசையில இடிக்கும். மேசையத் தள்ளினா முதுகு சுவத்துல இடிக்கும். வேலையில இருந்த காலம் பூரா அதுலதான் மடிஞ்சு கெடந்தேன் தம்பி. வேல விட்டன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே எதுலயும் என் முட்டி இடிக்கக் கூடாது."

அந்த நேரம் அவர் போர்ச்சிலிருந்த சோபாவில் காலை நீட்டியிருந்தார். அவருடைய பாதம் எங்கள் தெருவில் இருந்தது.

வேலை விட்ட காசில் அவரும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும் மூன்று ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வாங்கினார்கள். அண்ணன் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுவார். வெட்டிய குலையை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போட்டு, பாரிட்டைத் தாண்டி, லாரி வந்து ஏற்றுகிற இடம்வரை தள்ளிக்கொண்டு வருவது அக்கா வேலை. பாரிட் என்றால் தெரியுமல்லவா, தோட்ட ஓரத்துத் தண்ணீர்க் கால்வாய். தள்ளுவண்டியின் கைப்பிடி அண்ணனுக்கு ரொம்பத் தாழ்வு. அதைப் பிடிக்கக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பிறகு நாங்கள் நாலு பேர் போய் நிமிர்த்த வேண்டும். அதனால் அக்காவே தள்ளினார். தள்ளித் தள்ளி அவருடைய வலது முட்டி வீங்கிப் போயிற்று. இனி அந்த வண்டியைத் தொட்டால் முட்டி அவ்வளவுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சின்னதா ஒரு டிராக்டர் வாங்குங்க," என்றார் அக்கா. "பின்னால ஒரு பெட்டி இருந்தாப் போதும். என் கால் நிக்கணும், அவ்வளவுதான்."

அக்கா கேட்டது அவ்வளவுதான். சின்னதா என்ற வார்த்தை மட்டும் அண்ணன் காதில் ஏறவில்லை.

டிராக்டர் பார்க்க ஜித்ரா வரைக்கும் என் காரில்தான் போனோம். தவுக்கே, அதாவது சீனக் கடை முதலாளி, நல்ல மனுஷன். தமிழும் மலாயும் கலந்து பேசுவார். முதல் கேள்வியே, "எத்தன ஏக்கர் அண்ணே?" என்றார். மூன்று என்றதும் நேராக ஒரு குட்டி டிராக்டரிடம் அழைத்துப் போனார். மரத்துக்கு மரம் நடுவில் பூனைக்குட்டி மாதிரிப் புகுந்து வரும், ஒரே வெட்டில் திரும்பும், எண்ணெயும் கொஞ்சமாகத்தான் குடிக்கும் என்று தட்டிக் காட்டினார். எனக்கு டிராக்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்கே அதுதான் சரி என்று பட்டது.

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். முட்டி இரண்டும் ஸ்டீயரிங்கில் போய் இடித்தன. அவர் முகம் செத்துப் போயிற்று.

"தம்பி," என்றார் மெதுவாக. "கூண்டு."

இறங்கி விறுவிறுவென்று கடையின் பின்பக்கம் போய்விட்டார். அங்கே சிவப்பாக ஒன்று நின்றது. அதன் பின்சக்கரமே என்னைவிட உயரம். அண்ணன் படி ஏறிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து காலை நீட்டினார். எதிலும் படவில்லை. உள்ளிருந்தே, "இடிக்கல தம்பி! இடிக்கவே இல்ல!" என்று கத்தினார்.

தவுக்கே பதறிப் போனார். "ஐயோ, இது நூறு ஏக்கர்காரன் வாங்கறது லா! உங்க நிலத்துல ஸ்டார்ட் பண்ணிப் போனா வேலி வந்துடும்!"

"வேல சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே?"

"பாரிட் மேல தித்தி இருக்கா? எவ்வளவு அகலம்?"

தித்தி என்றால் கால்வாய் மேல் போட்ட சின்னப் பாலம். அண்ணன் யோசிக்கவே இல்லை. "நானே தாராளமாப் போறேன். இது போகாதா?" என்றார்.

விற்கிற மனுஷனே வேண்டாம் என்று கெஞ்சி, வாங்குகிற மனுஷன் அடம்பிடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிராக்டர் வந்து இறங்கிய காலையில் தாமானே திரண்டு நிலத்துக்குப் போயிற்று. தித்தி முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால், தித்தி நடுவில் இருக்கிறது. சக்கரம் இரண்டும் இரண்டு பக்கத் தண்ணீருக்கு நேராக இருக்கின்றன. அண்ணன் இறங்கி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "தித்தியக் கட்டினவன் தப்பாக் கட்டிட்டான்," என்றார். பாரிட் அரசாங்கத்துது, அதன் மேல் புதுப் பாலம் கட்ட அனுமதி வேண்டும். எழுதிப் போட்டிருக்கேன், வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதுவரை? டிராக்டர் இக்கரையில், குலை அக்கரையில். பாக்கியம் அக்கா பழையபடி தள்ளுவண்டியோடு நொண்டி நொண்டி வந்தார். முன்பெல்லாம் தித்தியைத் தாண்டி நேராகப் போவார். இப்போது டிராக்டர் குறுக்கே நின்றதால் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அண்ணன் மேலே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துணியைப் பிடுங்கி அவர் வாயில் அடைத்திருப்பேன். வாய் அவ்வளவு உயரத்தில் இருந்ததால் தப்பித்தார்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துப் பெரிய தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் பழத்தட்டோடு வந்தார். வருஷா வருஷம் அம்மன் ரதத்தைத் தோட்டத்து டிராக்டர்தான் இழுக்கும். தோட்டம் கைமாறியதில் அந்த டிராக்டரும் போய்விட்டது.

"இந்த வருஷம் நீங்கதான் இழுக்கணும்ணே," என்றார் தலைவர்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா தம்பி? அம்மனுக்கே இந்த சைஸ்தான் வேணுமாம்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அக்கா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். திருவிழா அன்றைக்கு அவரால் நடக்க முடியவில்லை. வருஷம் தவறாமல் ரதத்தின் பின்னால் நடக்கிறவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சாயங்காலம் ரதம் புறப்பட்டது. வழக்கமான பாதை ரொம்பச் சின்னது. கோயிலிலிருந்து பழைய ஆபீஸ் முச்சந்தி வரை போய், அங்கே திரும்பி வந்துவிட வேண்டியது. பழைய டிராக்டர் அந்த முச்சந்தியில் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். அண்ணன் வளைத்தார் பாருங்கள், டிராக்டரின் மூஞ்சி ஒரு வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றது. உள்ளே இருந்த அம்மா பதறவே இல்லை. "வாங்கண்ணே, டீ போடவா?" என்று கேட்டார்.

"ரிவர்ஸ் எடுங்க! ரிவர்ஸ்!" என்று தலைவர் கத்தினார்.

ரதத்தின் மேலிருந்த பூசாரி குதித்தார். "யாருடா ரிவர்ஸ்னு சொன்னது? அம்மன் புறப்பட்டா முன்னாலதான் போவா. பின்னால இழுத்தா ஊருக்கு ஆகாது!"

திரும்பவும் முடியாது, பின்னால் வரவும் கூடாது. மிச்சம் இருந்தது முன்னால் போகிற வழி ஒன்றுதான். ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்தால் முச்சந்தியின் இன்னொரு கிளை நேராகப் பெரிய ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். அண்ணன் ஒடித்தார்.

காவலுக்கு வந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் ஓடிவந்தார். "பூசிங் லா பாக்சிக், பூசிங்!" என்று வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அண்ணன் கதவைத் திறந்து, "தா போலே தூவான்! டேவி தா போலே ரிவர்ஸ்!" என்றார். அம்மன் ரிவர்ஸ் வரமாட்டாள் என்பதை இதற்குமேல் மலாயில் எப்படிச் சொல்ல முடியும்? போலீஸ்காரர் ரதத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் வழி காட்டிப் போனார்.

இப்படியாகத் தோட்டத்தைவிட்டு ஒருநாளும் வெளியே வராத அம்மன் கோலா கெத்தில் டவுனைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். காப்பிக்கடைச் சீனர் ஊதுவத்தியோடு ஓடிவந்து கும்பிட்டார். பர்கர் விற்கிறவர் அடுப்பை அணைத்துவிட்டுப் படம் பிடித்தார். பெட்ரோல் போடுகிற எண்ணெய்க் கடையில் திருப்பலாம் என்று போனால் ரதத்தின் கலசம் கூரையைவிட உயரம். அங்கும் முடியாது, நேரே போ. மேளக்காரர்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கடைசியில் கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் செருப்பில்லாமல் சுடுகிற தார் ரோட்டில் நடந்தேன். வாயில் வந்ததை அம்மன் முன்னால் சொல்லவும் முடியவில்லை.

அவ்வளவு பெரிய வண்டியும் ரதமும் சேர்ந்து திரும்ப அந்த வட்டாரத்திலேயே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது எங்கள் தாமானின் பந்துத் திடல். அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அம்மன் வருவதைப் பார்த்து ஆட்டக்காரர்கள் கோல் கம்பத்தையே தூக்கி ஓரமாக வைத்தார்கள். ரதம் திடலை அழகாக ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தது, வந்து நின்றது ஜம்போ அண்ணன் வீட்டு வாசலில்.

பாக்கியம் அக்கா சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நைட்டிமேல் ஒரு துண்டு. கையில் கிடைத்த பெரிய சோற்றுப் பானை மூடியில் சூடம் ஏற்றினார். அம்மனைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வழியக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்த அக்கா டிராக்டர் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்க," என்றார். "அம்மனையே தேரோட என் வாசலுக்குக் கொண்டாந்துட்டீங்க. நாலு குலை பழத்த பாரிட்டத் தாண்டிக் கொண்டார முடியல இல்ல?"

அண்ணன் கண்ணாடி அறைக்குள் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். மெல்லக் காலை மடக்கிக்கொண்டார். அம்மனைக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "நாளைக்கு ஜித்ரா வரைக்கும் வர்றியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நான் மகள் வீட்டோடு சுங்கை பட்டாணிக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு காரியமாகக் கோலா கெத்தில் பக்கம் போனபோது காலையில் அவர்கள் நிலத்துக்கு ஒரு நடை போனேன். டுபுடுபுவென்று சின்னச் சத்தம். அந்தக் குட்டி டிராக்டர் தித்திமேல் வந்துகொண்டிருந்தது. அதன்மேல் அண்ணன் மடிந்து உட்கார்ந்திருந்தார். முட்டி இரண்டும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் காதுவரை ஏறி நின்றன. பழைய சோபாப் பஞ்சை வெட்டி இரண்டு முட்டியிலும் கட்டியிருந்தார். பின்னால் பெட்டியில் குலைகள். குலைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, முட்டி இடிக்குதா?" என்றேன்.

"நல்லா இடிக்குது தம்பி," என்றார். சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி, "பாக்கியம், கெட்டியாப் பிடிச்சுக்க," என்றார். பிறகு அன்றைக்கு அம்மனை இழுத்த அதே வேகத்தில், கல்லில் படாமல் பார்த்துப் பார்த்து வண்டியை எடுத்தார்.