கம்பளிக்குள் பனிக்கட்டி

"அத்தனை குளிரிலே காப்பி எத்தனை நாழி சூடா இருக்கும்?" என்று புருஷனிடம் டம்ளரை நீட்டியபடி கேட்டாள் விஜயம்.

வெங்கடகிருஷ்ணன் காலேஜில் பௌதிகம் நடத்துபவன். சைபீரியாவில் பாதரசம் உறைவதையும், போன வருஷம் கண்டுபிடித்த புளூட்டோவின் குளிரையும், நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெட்டவெளி அதைவிடக் குளிர் என்பதையும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அறிந்த குளிர் அவன் குடியிருந்த வலியசாலைத் தெருவின் மார்கழியோடு சரி.

"சூடாவது? டம்ளரோட கல்லாயிடும்."

"அப்போ இங்கேயே குடியுங்கோ."

அன்று சாயங்காலம் அவளுக்கு ஜுரம் கண்டது. ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. டைபாய்டு என்றார் டாக்டர். "தலையிலே ஐஸ் வெச்சுண்டே இருக்கணும். சூடு இறங்கினாத்தான் பிழைப்பா."

பழவங்காடி சோடாக் கடையில் மரத்தூளில் புதைத்து ஐஸ் விற்றார்கள். ஒரு பாளம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். வாசலில் அவனை வளர்த்த அத்தை, அனந்தலக்ஷ்மி.

"யார் கைத் தண்ணியோ!" என்று கிணற்றுநீரை மூன்று சொம்பு அதன்மேல் கொட்டினாள். மடி ஆனபின் எலுமிச்சங்காய் அளவு மிஞ்சியது.

மறுபடி வாங்கிவந்து, அதைக் கழுவக்கூடாது என்று கெஞ்சினான்.

"சரி, அதைக் கழுவல்லே. நீ? கடைத்தெருவெல்லாம் தொட்டுட்டு வந்திருக்கே. குளிச்சுட்டு வா."

அவன் குளித்து முடிப்பதற்குள், கிணற்றடிக் கல்லில் வைத்த ஐஸ் ஈரத் தடமாகியிருந்தது.

மூன்றாம் தடவை ஐஸைப் பால்காரி அம்மிணியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுக் குளித்தான்.

"அவ தொட்டதை வாங்கினா மறுபடி குளி" என்றாள் அத்தை.

"ஸ்வாமி இப்படிக் குளிச்சா அடுத்த ஜுரம் ஸ்வாமிக்காக்கும்" என்றாள் அம்மிணி, விரலிடுக்கில் நீர் சொட்ட.

உள்ளிருந்து விஜயத்தின் குரல் கேட்டது. "ஐஸ் வந்துதா?"

அவன் புரோகிதர் சுந்தரராம சாஸ்திரியிடம் ஓடினான்.

"கம்பளிக்குத் தீட்டு உண்டா?"

"கிடையாது."

"ஐஸைக் கம்பளியிலே சுத்தி, நானும் ஒரு கம்பளியைப் போர்த்திண்டு வந்தா?"

சாஸ்திரி யோசித்தார். "சாஸ்திரத்திலே ஐஸ் இல்லே. ஆனா தோஷமில்லே. நீ வாங்கிண்டு வா, உங்க அத்தைகிட்ட நான் சொல்றேன்."

சித்திரை வெயிலில் தலைமுதல் கால்வரை கம்பளி போர்த்தி வந்தவனைப் பார்த்துச் சோடாக் கடைக்காரன் கேட்டான். "சாமிக்கு அவ்வளவு தணுப்போ?"

"ஆமாம், பெரிய பாளமாக் கொடு."

திரும்பும்போது வேர்த்துக் கொட்டியது, மனசு துள்ளியது. கம்பளி தீட்டை மட்டுமல்ல, சூட்டையும் உள்ளே விடாது. சாஸ்திரமும் பௌதிகமும் ஒத்துப்போகக் கண்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

வாசற்படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாஸ்திரி நின்றார்.

"அத்தை, கம்பளிக்கு..."

"குளிக்க வேண்டாம்டா. அப்படியே உள்ளே போ."

ஜெயித்துவிட்டான். கம்பளியைப் பிரித்துக் காட்டினான். பாளத்தின் முனைகள்கூட மழுங்கவில்லை.

"உங்க வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பா, சாஸ்திரிகளே?"

சாஸ்திரி தலை நிமிரவில்லை.

"நான் இன்னும் வாயே திறக்கல்லேப்பா. இனிப் பத்து நாளைக்கு இந்த ஆத்திலே எல்லாருக்கும் தீட்டுதான்."