நாற்பத்து மூன்று குறிப்புகள்

அடுத்தவர் செய்த வேலையைச் சரிபார்க்கவென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. தாராவி, மாஹிம், செம்பூர் என்று எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். உட்கார்ந்தவுடன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்கள். அடுத்து, "யார் எழுதினது இது?" என்பார்கள். யார் எழுதியது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பதினாறு தையல் மெஷினும் இரண்டு கோடவுனும் மூன்று மாடிக் கட்டடமும் என் பெயரில் இருக்கின்றன. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். என் கடை உட்பட எழுபது தோல் கடைகளின் பில் அவர்கள் எழுதிய புரோகிராமில்தான் ஓடுகிறது. பதினோரு வருஷ எழுத்து. எந்த வரியை யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்ற சரித்திரத்தோடு அது ஒரு பழைய சர்வரில் கிடந்தது. அதைப் புது இடத்துக்குக் குடிமாற்ற ஸ்கிரிப்ட் என்கிற குட்டிப் புரோகிராமை எழுதியவள் என் தம்பி லாசரின் மகள் ஜெஸி. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்ட வேண்டும். ஆனால் மாட்டுங்கா கேஷவ் சார் பார்த்து 'சரி' சொல்லாமல் அந்த ஆபீஸில் எதுவும் ஓடாது. அது சட்டம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜெஸி பக்கத்தில் உட்கார்ந்தார், வேடிக்கை பார்க்க நானும் உட்கார்ந்தேன்.

"ஃபைலுக்கு நீ வச்சிருக்கற இந்தப் பேரைப் பாத்தா யாருக்கு என்ன புரியறது, சொல்லு?"

"மாத்திருதேன் சார்."

"இங்க ஒரு ஸ்பேஸ் ஜாஸ்தி."

"எடுத்திருதேன் சார்."

"பழசை அழிக்கணும்னு மேல குறிப்பு போட்டிருக்கியே, வாக்கியம் முடிஞ்சா ஒரு புள்ளி வைக்கப்படாதோ?"

வைத்தாள்.

இப்படியே பேருக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று, வரி நீளம் என்று ஒன்று, வரி குட்டை என்று ஒன்று, தான் நெருளில் பார்த்த பழைய வேலையில் இதை எப்படிச் செய்வார்கள் என்று நான்கு, இன்னும் என்னென்னவோ, ஆக மொத்தம் நாற்பத்து மூன்று குறிப்பு எழுதிவிட்டு, பெற்ற பிள்ளையைக் கரையேற்றிய முகத்தோடு 'சரி'யை அழுத்தினார். டீ வந்தது.

நான் சும்மா இருப்பேனா?

"ஏட்டி, இது என்னதான் செய்யும்?"

"எல்லாத்தையும் புது எடத்துக்குக் கொண்டு போவும் பெரியப்பா. பொறவு பழச அழிச்சிரும்."

"முழுசா போய்ச் சேந்துதான்னு எண்ணுறது யாரு? நான் கோடவுன் மாத்துனப்போ டெம்போவுல ஏத்தையில ஒரு எண்ணிக்கை, எறக்கையில ஒரு எண்ணிக்கை. ரெண்டும் ஒத்த பொறவுதான் பழைய சாவியக் குடுத்தேன். பாதி வழியில டெம்போ நின்னா உன் ஸ்கிரிப்ட் என்ன பண்ணும்?"

ஜெஸி திரையை மேலும் கீழும் உருட்டினாள்.

"நின்னாலும் பழச அழிச்சிரும், பெரியப்பா."

பதினோரு வருஷம். எழுபது கடை. அதை அழிக்கிற வரி, கேஷவ் சார் புள்ளி வைக்கச் சொன்ன குறிப்புக்கு நேர் கீழே!

"அதை அடுத்த ரவுண்டுல சொல்றதா இருந்தேன்," என்றார் அவர். 'சரி' சொல்லி முடித்தவருக்கு அடுத்த ரவுண்டு ஏது?

இரண்டு பக்கமும் எண்ணி, ஒத்தால் மட்டும் அழிக்கும்படி ஜெஸி மாற்றினாள். ஆறு மணிக்கு ஓட்டினாள். ஏழாவது வருஷத்து எழுத்து போய்க்கொண்டிருக்கையில் நெட் கட். எண்ணிக்கை ஒக்கவில்லை, பழசைத் தொடாமல் ஸ்கிரிப்ட் நின்றது. ஜெஸி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். மறுபடி ஓட்டியபோது முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தியா ஜெஸி?" என்றார் கேஷவ் சார். "ரிவ்யூ பண்ணாம ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்க்கச் சொல்லி உங்கள் கையில்தானே கொடுத்தார்கள்? தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டதென்று பிரஸ்காரரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றீர்களே, தேதியைப் பார்த்தீர்களா? ஐந்நூறும் அச்சாகி வந்துவிட்டன. எதற்கும் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.