இருமல் பாடம்

"உங்க அப்பாகிட்ட ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல ரெண்டு வருஷமா?"

"நைனா மூஞ்சைப் பாத்தா வாய் ஒட்டிக்கிது பிரியா."

போன வாரம் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் கணவன் கோபியோடு நடந்த பேச்சை நினைத்துக்கொண்டே கிருஷ்ணப்பிரியா தோசை வார்த்தாள். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்கு இருந்தது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக ஓனர் சொல்லியிருந்தார்.

இப்போது இருக்கும் மாமனாரின் மேனாம்பேட்டு வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தொல்லை. கல்யாணமான புதிதில், கருவாடு வறுத்த வாசனைக்கு அவள் வாந்தி எடுத்தாள். மறுநாளே மாமியார் பூங்காவனம் கருவாட்டுச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். இப்படிப்பட்டவர்களிடம் தனிக்குடித்தனம் என்று எப்படி வாயைத் திறப்பது?

ஆனால் கிருஷ்ணப்பிரியா டீச்சர். தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் கைத்தாங்கல் கொடு, பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கோபிக்கும் அதே வைத்தியம்தான். வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தாள்.

"நைனா, நாங்க..." என்று ஆரம்பித்த கோபி அங்கேயே நின்றான்.

மாமனார் ஜானகிராமன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நீங்க இன்னாடா?"

"நாங்க... இன்னும் கொஞ்சம் சட்னி போட்டுக்கறோம்."

"போட்டுக்கோ." அவரும் ஏதோ சொல்ல வந்தார். "கோபி, நீங்க..." தொண்டையைத் தடவிக்கொண்டார். "மோட்டார் போட்டீங்களா?"

மறுநாள், அவன் நிற்கிற இடத்தில் அவள் இருமி எடுத்துக்கொடுப்பதாக ஏற்பாடு. இருமினாள். கோபி விழித்தான். இன்னும் பலமாக இருமினாள். ஜானகிராமன் பதறிப்போய் அவளை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார். வீடு திரும்பியதும் மூன்று வேளைக் கஷாயம். கடைசிச் சொட்டு இறங்கும்வரை மாமியார் நகரவில்லை.

அடுத்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் ஒரு வீட்டுப் படம் வரைந்து, கோபியின் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பினால், வாசலில் ஏணியோடு பெயிண்டர்கள்.

"ஊடு அழுக்கா கீதுன்னு நேரா சொல்றதுக்கு இன்னாம்மா? படம் போட்டா காட்டுவ?" என்றார் ஜானகிராமன். "உங்க ரூமுக்குப் புடிச்ச கலரைச் சொல்லு."

"இனிமே எந்த மூஞ்சை வச்சிக்கினு கேக்கறது?" கோபி தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இருமல் கிடையாது, படம் கிடையாது. நீங்களே கேளுங்க" என்று அவனை ஹாலுக்குள் தள்ளிவிட்டு, கிருஷ்ணப்பிரியா அடுப்படிக்குள் புகுந்தாள். அங்கே பூங்காவனம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபியின் குரல் அல்ல.

"கோபி, நீங்க..."

மாமனாரின் குரல் அதோடு நின்றது.

பூங்காவனம் கத்தியைக் கீழே வைத்தார். ஹால் பக்கம் திரும்பி, பலமாக ஒருமுறை இருமினார்.

"அத்தை?"

"சும்மா இரு பிரியா. உன்னைப் பாத்துதான் கத்துக்கினேன்." மறுபடி இருமினார்.

ஹாலிலிருந்து ஒரே மூச்சில் வந்து விழுந்தது:

"நீங்க தனியா ஒரு ஊடு பாத்துக்கினு போனீங்கன்னா, நாங்க கொஞ்சம் கருவாடு வறுத்துக்குவோம்டா!"