நட்சத்திரத்துக்காக ஆறிப்போன மீன்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நலம். வரவேற்பறைத் திரைச்சீலை மட்டும் நலமில்லை. அங்கே நீயும் அத்தானும் உன் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். பண்டிகைக்கு இவன் ஒரு போன்கூடச் செய்யவில்லையே என்று நீ கோபமாக இருப்பாய். நியாயப்படி கோபப்பட வேண்டியவன் நான். "எல்லாரையும் ஒரே மேஜையில உட்கார வைடா, சாப்பாடு சேத்து வச்சிரும்" என்று யோசனை சொன்னது நீதான். அதனால் விளைந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

உனக்குத் தெரியும், நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் ஆராதனை முடிந்து வந்து ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது. இப்போது நிலைமை அப்படியில்லை. மாப்பிள்ளை வீட்டில் வான்கோழியை முழுசாகச் சுட்டு, எல்லோரும் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு மதியம் சாப்பிட வேண்டும். கடைசியாக உலர்பழப் புட்டிங்கில் பிராந்தி ஊற்றிக் கொளுத்த வேண்டும். மருமகள் வீட்டிலோ முந்தின நாளே சாப்பாடு. பகல் முழுக்கப் பட்டினி, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் கை நனைப்பார்கள், அதுவும் மீன்தான், இறைச்சி தொடமாட்டார்கள். அத்தோடு மேஜையில் யாருக்கும் இல்லாமல் ஒரு காலித் தட்டு வைப்பார்கள். அழைக்காமல் யாராவது வந்தால் அவருக்காம். மாப்பிள்ளையின் அம்மா, நம் சம்பந்தி அம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ். இருபத்தைந்தாம் தேதி அவருக்கு டியூட்டி. ஆகவே மூன்று வீட்டுச் சாப்பாட்டையும் இருபத்துநாலாம் தேதியே முடித்துவிடுவது என்று நான் முடிவெடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து நூற்றுப்பத்து வண்டிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அனுப்பியவனுக்கு மூன்று சாப்பாடு எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல். மருமகளின் அப்பா, கப்பலில் மாலுமியாக இருந்தவர், தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மகளோடு இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. என் மகன் அவருக்கு ரகசியமாகக் கடிதம் போட்டு, உங்கள் முறைப்படியே எல்லாம் நடக்கும், வாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். மனுஷன் வந்தேவிட்டார். வந்தவர் எனக்குக் கை கொடுத்தார், என் மனைவியைக் கும்பிட்டார், மகளைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லாமல் பால்கனியில் போய் நின்றுகொண்டார். அவள் காபி டம்ளரோடு கொஞ்ச நேரம் அவர் பின்னாலேயே நின்றாள். பட்டினி என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்ததோ என்னவோ, திரும்பி வந்து தானும் குடிக்காமல் தொட்டியில் கொட்டினாள்.

அடுத்தது வான்கோழி. அது அடுப்புக்குள் நுழையவில்லை. நுழைந்த பிறகு வேகவில்லை. உள்ளே இன்னும் பனிக்கட்டி. சம்பந்தி அம்மா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் நெஞ்சில் வெப்பமானியைச் செருகி, "இன்னும் ஏறல" என்று தன் வார்டில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்கு மேஜைக்கு வர வேண்டிய பறவை மாலை ஐந்து மணிக்கு வந்தது. வந்தும் பிரயோஜனமில்லை. ஒரு மனுஷர் பட்டினியாக நிற்கும்போது அவர் கண்ணெதிரே யாரும் எதையும் மெல்லக் கூடாது என்று என் மனைவி கறிச்சட்டியை மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்துவிட்டாள். சம்பந்தி அம்மாவும் அதை ஆமோதித்தார். ஆகவே நட்சத்திரம் வரும்வரை நாங்கள் அத்தனை பேரும் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு பட்டினி.

அன்றைக்குப் பார்த்து வானம் முழுக்க மேகம், அக்கா. ஒரு ஓட்டைகூட இல்லை. ஆறு மணிக்கு நான் பால்கனிக்குப் போய், அதோ தெரிகிறது என்று காட்டினேன். அது செல்போன் கோபுரத்து விளக்கு என்றார் மாலுமிச் சம்பந்தி. ஆறரைக்கு இன்னொன்றைக் காட்டினேன். "அது விமானம், சம்பந்தி. போய்க்கிட்டே இருக்கு பாருங்க" என்றார் பொறுமையாக. கடலில் முப்பது வருஷம் நட்சத்திரத்தைப் பார்த்தே வழி கண்டுபிடித்தவரிடம் இந்த வித்தையெல்லாம் பலிக்குமா? மருமகள் அவர் பக்கத்தில் வந்து நின்று அவளும் அண்ணாந்து பார்த்தாள். ஒரே வானத்தை இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உள்ளே மீன் ஆறிக்கொண்டிருந்தது. என் பேத்தி கிரீடத்தின் ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

குழந்தைகளைக் கொஞ்சம் சமாளிக்கலாமே என்று நான் ஒரு காரியம் செய்தேன். சாப்பிடத்தானே நட்சத்திரம் வேண்டும், வேடிக்கை பார்க்க வேண்டாமே என்று சொல்லி, விளக்கை அணைத்துப் புட்டிங்கில் பிராந்தியை ஊற்றிக் கொளுத்தினேன். இரண்டு கரண்டி என்று சம்பந்தி அம்மா சொல்லியிருந்தார். அந்தப் பாட்டிலின் வாய் தேவைக்கு மேல் அகலம். நெருப்பு நீலமாக எழுந்து என் கிரீடத்தைத் தொட்டது, நான் கிரீடத்தை வீசினேன், அது திரைச்சீலையில் போய் விழுந்தது, புகை எச்சரிக்கை மணி அலறியது, சம்பந்தி அம்மா ஒரு பதற்றமும் இல்லாமல் வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. தண்ணீர் தன் வேலையைத் தரையில் தொடர்ந்தது.

ஐந்தே நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், தனி ஆள், கூர்மையான காது. நாலு வருஷத்தில் எங்கள் மேல் குடியிருப்போர் சங்கத்தில் பதினொரு புகார் கொடுத்திருக்கிறார். வீட்டில் அவருக்குப் பெயரே புகார்ப்பெட்டி. பன்னிரண்டாவதை எழுதிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். தோளில் தண்ணீர் சொட்டியிருந்தது. நான் பாதி எரிந்த கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பால்கனியிலிருந்து சம்பந்தி வேகமாக வந்தார்.

"இவரை நீங்க அழைச்சீங்களா?"

"சத்தியமா இல்ல" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

சம்பந்தி மேஜையிலிருந்த காலித் தட்டைக் கையால் காட்டினார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து தட்டு வைக்கிறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல" என்றார். பிறகு அந்த மனுஷரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காலித் தட்டின் முன்னால் உட்கார வைத்தார். புகார்ப்பெட்டி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார்.

மருமகள்தான் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, ஆளே வந்துட்டாரு. இன்னும் நட்சத்திரம் வேணுமா?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "மீன் ஆறிப்போச்சும்மா. போய்ச் சூடு பண்ணிட்டு வா" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய பேச்சு இவ்வளவுதான். அவள் அடுப்படியில் நின்று அழுததில் மீன் இன்னொரு முறை ஆறிவிட்டது.

புகார்ப்பெட்டி மீன், வான்கோழி, ஆட்டுக்கறி மூன்றையும் தலை நிமிராமல் சாப்பிட்டார். தான் எழுதி வந்த தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது என் மனைவியிடம், "கறியில உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்றார். முப்பத்தோரு வருஷமாக நான் சொல்லத் துணியாத வார்த்தை. அவளோ சிரித்துக்கொண்டே உப்பை எடுத்துக் கொடுத்து, இன்னொரு கரண்டிக் கறியும் போட்டாள்.

ஆக, அக்கா, உன் யோசனை முழுத் தோல்வி. ஒரு சாப்பாடுகூட நேரத்துக்கு நடக்கவில்லை. திரைச்சீலை போயிற்று, சுவர் கறுத்துவிட்டது, போட்ட திட்டம் ஒன்றும் பலிக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அவரவர் வீட்டில், அவரவர் முறைப்படி, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். குடும்பத் தலைவன் என்ற முறையில் இது இறுதி முடிவு. நீயும் இதில் தலையிட வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் முத்தமும். கர்த்தர் உன் மேஜையையும் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்டுக் கெட்ட
தம்பி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கச் சொல்லி இதை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தபால்தலை தண்டம் என்கிறாள். அவள் மறுநாள் காலையிலேயே உனக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். நீ வயிறு வலிக்கச் சிரித்தாயாம். அடுத்த வருஷம் நீயும் அத்தானும் நாலு நாள் முன்னதாகவே வருகிறீர்களாம், சம்பந்திகள் இரண்டு வீட்டாரும் இங்கேயே தங்குகிறார்களாம், யார் எங்கே படுப்பது என்பதுவரை முடிவாகிவிட்டதாம். எனக்குப் பால்கனி. ஆகவே இறுதி முடிவு என்று மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொண்டு, வரும்போது கனமான போர்வையாக ஒன்று கொண்டுவரவும்.