போர்வை ஒப்பந்தத்தின் நான்காம் ஷரத்து

பெருமாயி தன் கணவர் சென்றாயனுக்கு இழைத்த அநீதிகள், நடந்த வரிசைப்படி வருமாறு.

முதலாவது, ஐப்பசியில் காப்பியிலிருந்து சர்க்கரையை நீக்கினார். முன்னறிவிப்பு கிடையாது. இரண்டாவது, கார்த்திகை பிறந்ததும் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுச் சாமைக் கஞ்சியை அமல்படுத்தினார். மூன்றாவது, கார்த்திகைக் கடைசியில் அவர் தலையில் குரங்குக் குல்லாவை மாட்டி, படம் பிடித்து, சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இவற்றையெல்லாம் சென்றாயன் பொறுத்துக்கொண்டார். நான்காவதைப் பொறுக்க முடியவில்லை. மார்கழி முதல் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு, உறங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளியின் போர்வையை உருவினார்.

"எந்திரிங்க. ஏரிக்கரையில நடக்கோணும். டாக்டரு சொன்னது மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. சர்க்கரை இருநூற்று எழுபது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் கொல்லிமலைப் பனி சேந்தமங்கலம் பக்கத்து ஊர்களின் மேல் வந்து படுத்துக்கொள்ளும் மார்கழியில், அதுவும் ஐந்து மணிக்கு, என்று அவர் சொல்லவே இல்லை.

சென்றாயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜவ்வரிசி ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதி நாள் ஆலைக்கு உள்ளே, மீதி நாள் கொடியோடு வாசலில். ஒன்பது வேலைநிறுத்தம், இரண்டு சிறை. பதினைந்து நிமிட டீ இடைவேளை அவர் வாங்கிக் கொடுத்தது. ஞாயிறு விடுமுறை அவர் வாங்கிக் கொடுத்தது. இன்றைக்கு அதை அனுபவிக்கிறவன் எவனும் அவர் பேரைச் சொல்வதில்லை, அது போகட்டும். ஊருக்கே ஓய்வு வாங்கித் தந்தவனுக்கு, வருடத்தில் வெயில் இல்லாத இந்த இரண்டு மாதம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க உரிமை இல்லையா?

விடுவதில்லை என்று முடிவெடுத்தார். அன்று காலையே ஃபிரிட்ஜ் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். தை கடைசி வரை காலை ஏழு மணிக்கு முன் எழுப்பக் கூடாது. எழுந்ததும் சுடச்சுட சுக்குக் காப்பி. பத்து மணிக்கு வேகவைத்த மொச்சை. மறுத்தால் காலவரையற்ற வேலைநிறுத்தம்.

பெருமாயி மாவுக் கையோடு நின்று படித்தார்.

"வேலைநிறுத்தம்னா, இப்ப என்ன வேலை செய்யறீங்க, அதை நிறுத்தறதுக்கு?"

"பேச்சை மாத்தாத புள்ள. கோரிக்கைக்குப் பதில் சொல்லு."

"செரிங்க. எல்லாத்தையும் ஒத்துக்கறேன்."

சென்றாயனுக்குச் சப்பென்று போய்விட்டது. பத்து நாளைக்காவது இழுக்கும் என்று தயாராக இருந்தார். வாயால் ஒத்துக்கொண்ட முதலாளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எழுதி வாங்கினால்தான் ஆச்சு என்று பேனாவை எடுத்தார். முப்பது வருடப் பழக்கம். வாசகங்கள் தானாக வந்து விழுந்தன. அதில் நான்காம் ஷரத்தைப் படித்துப் பார்க்க அவருக்கே மெய்சிலிர்த்தது:

'இரு தரப்பில் எவராயினும், காலை ஏழு மணிக்கு முன் சென்றாயன் மேலுள்ள போர்வையை விலக்கினால், ஒப்பந்தத்தை மீறியவர் ஆவார். அவர் பெயர் சாட்சிகள் முன் உரக்க வாசிக்கப்படும். தை கடைசி வரை எதிர்த் தரப்பின் கோரிக்கையே அமலாகும்.'

"ஏனுங்க, 'இரு தரப்பில் எவராயினும்'னு எதுக்கு?"

"அதெல்லாம் சட்டம். உனக்குப் புரியாது. கையெழுத்தைப் போடு."

போட்டார். பக்கத்து வீட்டு சரிதாவும், போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து லீவில் வந்திருந்த அவர் கணவர் கதிர்வேலும் சாட்சி.

அடுத்த நான்கு நாள் சொர்க்கம். ஜன்னலுக்கு வெளியே தென்னை மரம் கூடத் தெரியாத பனி. உள்ளே கம்பளி, ரேடியோ, மொச்சை. மலையே இறங்கி வந்து கால் அமுக்கிவிடுவது போல் இருந்தது. பெருமாயி சரிதாவோடு ஐந்து மணிக்கு நடக்கப் போய், ஏழு மணிக்குத் தலைமுடியெல்லாம் பனித்துளியோடு திரும்பி வருவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். காப்பியை வைத்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் காப்பியோடு ஒரு தகவலையும் வைத்தார்.

"ஏரிக்கரையில நாலு வெளக்கும் எரியறதில்லீங்க. கொரங்கு தொங்கித் தொங்கிப் போச்சு. பொம்பளைக எல்லாஞ் சேந்து மனுக் குடுக்கறோம்."

"மனுவா?" கம்பளிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "மனுவைப் பாத்து எந்த வெளக்குடி எரிஞ்சிருக்குது?"

"தலைவரு அதே போதும்ங்கறாரு."

"எந்தத் தலைவரு?"

"நம்ம காளியண்ணந்தாங்க."

சிரிப்பு நின்றது. காளியண்ணன்! கடைசி வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், சட்டையை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வேலைக்குப் போன கருங்காலி. அன்றைக்கு ஆலை வாசலில் மைக்கைப் பிடித்து அவன் பேரை, அப்பன் பேரோடு, மூன்று தடவை வாசித்தவர் சென்றாயன். இருபத்தோரு வருடம் ஆகிறது, இன்னும் பேச்சு இல்லை.

"அந்த மனுவைக் காட்டு."

காட்டினார். 'தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்தது. சென்றாயன் காகிதத்தைத் தூக்கி எறிந்தார்.

"கெஞ்சறானா? கூட்டம் எங்க நடக்குது?"

"நடந்துகிட்டேதாங்க. ஒக்காந்தாக் குளுருதுங்களே. அஞ்சேகாலுக்கு இந்தக் கரையில ஆரம்பிச்சா அந்தக் கரை கோயில்ல முடியும். நீங்க தூங்குங்க. உங்குளுக்குத்தான் ஒப்பந்தம் இருக்குதே."

மறுநாள் ஐந்து மணிக்குப் பெருமாயி வெளியே போன சத்தம் கேட்டது. கம்பளிக்குள் சென்றாயன் புரண்டார். ஒரு போராட்டம், கூப்பிடு தூரத்தில், அவர் இல்லாமல், ஒரு கருங்காலியின் தலைமையில்! கம்பளியை எட்டி உதைத்தார். குரங்குக் குல்லாவை அவரே எடுத்து மாட்டினார்.

ஏரிக்கரையில் பதினான்கு பேர் பனிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டமும் நடையுமாய் எட்டிப் பிடித்தார்.

"இதுக்கு இனிமே நாந்தான் தலைவர். ஆட்சேபணை உண்டா?"

"தாராளமா இருங்கண்ணா" என்றார் காளியண்ணன்.

ஒரே நொடியில் சரணாகதி. அன்றும் அப்படித்தானே பதினோராம் நாளே பின்வாசலைப் பார்த்தவன் என்று சென்றாயன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். போனால் போகிறதென்று துணைத் தலைவர் பதவி கொடுத்தார். வருகைப் பதிவேடு இல்லாத சங்கம் சங்கமே இல்லை என்று பெருமாயியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பேர், நேரம், கையெழுத்து என்று கோடு போட வைத்தார். முதல் கையெழுத்து அவருடையது. ஐந்து இருபது.

பதினெட்டு நாள். தினமும் இரண்டு சுற்று. கோஷம் போட்டால் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்க்கவே இன்னொரு கோஷம் போட்டார். தண்ணீருக்கு மேல் பனி நகர, மலை இடுப்பு வரைக்கும் தெரியும், அப்புறம் தோள், அப்புறம் தலை. இத்தனை வருடமாக இது எங்கே இருந்தது என்று யோசித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் கரையில் நான்கு விளக்கும் எரிந்தன. கோயில் முன்னால் வெற்றி டீ, சர்க்கரை இல்லாமல். சென்றாயன் கல்லின் மேல் ஏறினார்.

"தோழர்களே, போராட்டம் வென்றது! நாளை முதல் நான் ஓய்வுக்குத் திரும்புகிறேன்."

"சித்த இருங்க" என்றார் பெருமாயி. இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பிரித்தார். நான்காம் ஷரத்தைக் கடைசி வரி வரை படித்தார்.

"பதினெட்டு நாளா ஏழு மணிக்கு முந்தி இவரு போர்வையை வெலக்குனது யாருன்னு எல்லாருக்கும் தெரியோணுமில்லீங்களா?"

"அது... போராட்ட அவசரம்!"

"அவசரத்துக்குன்னு தனி ஷரத்து இல்லீங்களே. தை கடைசி வரைக்கும் அஞ்சு மணி நடைதானுங்க."

சென்றாயன் சாட்சிகளைப் பார்த்தார். கதிர்வேல் டீக்குள் பார்த்தார். சரிதா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது: அந்தக் கெஞ்சல் மனுவை எழுதியிருந்த கையெழுத்து, ஒப்பந்தத்தில் சாட்சி போட்ட சரிதாவுடையது.

"டேய் காளியண்ணா," இருபத்தோரு வருடம் கழித்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் சென்றாயன், "உன்னை எப்படா தலைவராப் போட்டாங்க?"

"என்னையா? நானுஞ் சர்க்கரைக்குத்தானுங்க நடக்க வந்தேன். 'அண்ணா, ஒரு நாளைக்குத் தலைவரா இருங்க'ன்னு பெருமாயி அம்மிணிதான் கேட்டுச்சு."

பதினெட்டு நாள் கையெழுத்தும் இருந்த வருகைப் பதிவேட்டைப் பெருமாயி காளியண்ணனிடமே நீட்டினார்.

"நான் படிச்சா ஊட்டுச் சண்டைம்பாங்க. துணைத் தலைவரு நீங்களே வாசிங்கண்ணா. உரக்க."

காளியண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். நிதானமாகக் கல்லின் மேல் ஏறினார். அவருக்கு இடம் விட்டுச் சென்றாயன் கீழே இறங்கி நின்றார். இருபத்தோரு வருடமாகத் தொண்டையில் இருந்ததைக் காளியண்ணன் ஒரு தடவை செருமிச் சரிசெய்தார்.

"ஒப்பந்தத்தை மீறியவர்: சென்றாயன், தகப்பனார் பேர் பொன்னன்."

கொஞ்சம் நிறுத்தி, இன்னும் இரண்டு தடவை வாசித்தார்.