மாமியாருக்கு வெர்ஷன் நம்பர்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், என் மகள் உங்களைப் பேச விடுகிறாளா என்பதையும் அறிய ஆவல்.

முதலில் நன்றி. "வேலை வெட்டி இல்லாம கம்ப்யூட்டருக்கு மாட்யூல் எழுதி ஊருக்கே சும்மா குடுக்கிற மனுஷன்" என்று ஆறு வருஷமாக உங்களைப் பற்றி நான் பேசாத சொந்தக்கார வீடு இல்லை. அந்த மாட்யூல்தான் இந்த வாரம் என் வேலையைக் காப்பாற்றியது. கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் புரோகிராம் இருபது வருஷத்துக்கு முன் நானே எழுதியது. பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர்களைக் கண்டால் அதற்கு ஆகாது. அப்படி ஓர் ஆளே கிடையாது என்று சாதிக்கும். பதினான்கு பேர் கவுண்டரில் நின்று கத்தியதும் மேலதிகாரி கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகணும், இல்லேன்னா உங்க ரெண்டு வருஷ பணி நீட்டிப்பை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். நாள் முழுக்க நானும் உங்கள் மாமியாரும் ஒரே வீட்டில்! நினைக்கவே பகீரென்றது. நானே கைவைத்துப் பார்த்தேன். பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள், ஆனால் மற்ற எல்லோருக்கும் நூறு வயது கூடிவிட்டது. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு முதியோர் வரிசையில் இடம். நல்லவேளை, அது சோதனைக் கணினி.

கடைசியில், தேதிகளைச் சரியாகக் கணக்கிடும் உங்கள் மாட்யூலைத்தான் எடுத்தேன். ஆனால் வெளியாள் எழுதிய ஒரு வரிகூட அனுமதியில்லாமல் நிஜ சர்வருக்குள் போகக் கூடாது. அதற்குக் காவலாக ஓர் அதிகாரி. 'பூட்டு' என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் தந்த படிவத்தில் 'சார்ந்தோர் விவரம்' என்று ஒரு கட்டம். எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தானோ! இந்த மாட்யூல் வேறு எந்தெந்த மாட்யூல்களை நம்பியிருக்கிறது என்பதுதான் கேள்வியாம். நான் பழக்கதோஷத்தில் மனைவி, மகன், என் மாமியார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பூட்டு படிக்க ஆரம்பித்தார்.

"இதென்ன பேரு, மாமியார்? வெர்ஷன் நம்பர் போடலையே?"

"எண்பத்து மூணு சார்."

"ரொம்பப் பழசாச்சே. இப்பவும் யாராவது பராமரிக்கிறாங்களா?"

"நான்தான் சார்."

"வேற மாத்து ஏதாவது பார்த்தீங்களா?"

"பார்த்தா என் சம்சாரம் சும்மா விடுவாளா சார்?"

அப்போதுதான் மனுஷன் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்பது வருஷத்தில் பூட்டு சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உங்கள் மாட்யூலை வரி வரியாக மூன்று நாள் படித்தார். "எழுதினவருக்குப் பொறுமை ஜாஸ்திங்க. எதிராளி தேதியை எவ்வளவு தாறுமாறாக் குடுத்தாலும் கோவிச்சுக்காம வாங்கிக்குது" என்றார். மாப்பிள்ளை, எனக்குப் பொசுக்கென்று கண் கலங்கிவிட்டது. நான் தாறுமாறாகப் பேசியதையெல்லாம் ஆறு வருஷமாக அப்படித்தானே வாங்கிக்கொண்டீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வரில் ஏறியது. பதினான்கு பேருக்கும் நேரம் கிடைத்தது, எனக்கும் இரண்டு வருஷம் கிடைத்தது. உங்கள் மாமியார் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள். என்னைவிட அவளுக்குத்தான் நிம்மதி.

நீங்களும் மகளும் நோய்நொடியில்லாமல், நீங்கள் எழுதுவதில் பிழையும் அண்டாமல் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பூட்டு கூப்பிட்டனுப்பினார். மாட்யூல் எழுதியவர் ஊழியரின் உறவினராக இருக்கக் கூடாதாம், படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. "இவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்றார். "தெரியாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொய் சொல்லிவிட்டோமே என்று வீடு வந்து சேரும்வரை உறுத்தல். யோசித்துப் பார்த்தால், ஆறு வருஷமாக அதுதான் உண்மை. ஆகவே மேற்கண்ட நன்றியை நான் சொல்லவில்லை, நீங்களும் படிக்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்டிப்பா வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை. இனிமேதான் உங்களைத் தெரிஞ்சுக்கணும்.