இருபத்துநாலு மணி நேரச் செக்கிங்

முதலிபாளையம் தொழிற்பேட்டை கேட்டைத் தாண்டி, தோளில் ஒரு பையோடு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். அப்போது மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன்: உலகத்தில் எதையும் திருப்பிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஸ்டிக்கர் அண்ணன்தான். கோயிலுக்குப் போனாலும் முருகனுக்குச் சாத்திய வேட்டியின் கரை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை கூப்புவார்.

நான் வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்ட நாளிலிருந்து எந்த வேலையும் ஐந்து மாதத்துக்கு மேல் எனக்கு ஒட்டியதில்லை. பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டுவதும் ஐந்தாவது மாதத்தைத் தொட்டது. உடுமலைப் பக்கம் தேங்காய் லோடு ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

ஸ்டிக்கர் அண்ணன் அதே கம்பெனியின் செக்கிங் பிரிவு. தைத்து வரும் பனியனைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் ‘ஆல்டர்’. தேறாது என்றால் ‘ரிஜெக்ட்’. மற்றவர்களுக்கு அது வேலை. அவருக்கு அது வியாதி. டீக்கடைத் தம்ளரில் விரிசலா, அம்பு. பஸ் சீட்டில் கிழிசலா, அம்பு. மேனேஜரின் புதுக் காரில் மயிரிழைக் கீறல் ஒன்றுக்கு அம்பு ஒட்டினார். அதுவரை அந்தக் கீறலைப் பார்த்திராத மேனேஜர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவர் மனைவி சரசக்கா பக்கத்து டேபிள். இருபத்திரண்டு வருடமாக நின்றபடியே செக்கிங். காலை நாலரைக்கு எழுந்து சோறாக்கினால்தான் எட்டரைக்கு டேபிளில் நிற்க முடியும். ஞாயிற்றுக்கிழமையும் நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது என்பார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் புகார் சொல்வதுபோல.

இந்தச் சரசக்கா ஃபிரிட்ஜ் வாங்கிய கடையின் குலுக்கலில் பரிசு விழுந்தது. தம்பதியாகச் சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர் போய்வரலாம். விமான டிக்கெட் கடையுடையது. தங்கும் ஹோட்டலை மட்டும், அவர்கள் போனில் அனுப்பிய பட்டியலிலிருந்து ஊருக்கு ஒன்றாகப் பொறுக்கி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பரிசு அடுத்த ஆளுக்கு.

யாரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது.

அந்த வாரம் டீ இடைவேளை முழுக்க அண்ணன் ஹோட்டல் படங்களை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

“ஏம்புள்ள, இந்தச் சிங்கப்பூர்க்காரன் பெட்ஷீட்டப் பாரு. மூலையில சுருக்கம். அயர்னிங் சரியில்ல. ரிஜெக்ட்!”

“நாம படுத்தாச் சுருங்காதுங்களா?” என்றார் சரசக்கா.

“அது நம்ம சுருக்கம். இது அவனோட சுருக்கம்.”

மலாக்காவில் ஒரு ஹோட்டலில் துண்டைக் கொக்கு மாதிரி முறுக்கிக் கட்டில்மேல் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் பதறிவிட்டார். “துணிய இந்த முறுக்கு முறுக்குனா ஷேப் என்னத்துக்கு ஆகறது? தொடைக்கிறதுக்கு வெச்சிருக்கானா, முறுக்குச் சுடறதுக்கு வெச்சிருக்கானா?” கோலாலம்பூர் ஜன்னல் திரையை இஞ்ச் டேப் வைத்து போன்மேலேயே அளந்தார். இடது பக்கம் குறைகிறதாம்.

ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் போன் கண்ணாடியில் ஓர் அம்பு. வியாழக்கிழமை அந்த போனில் எழுத்தே தெரியவில்லை. கூப்பிட்டது யார் என்று பார்க்க முடியாமல் குலுக்கல் கடைக்காரரையே இரண்டு முறை திட்டிவிட்டார்.

அன்றைக்குத்தான் ஒன்று தேறியது. “கண்ணு, சிக்கிருச்சு பாரு! கோலாலம்பூர்ல ஒருத்தன். மத்தவனெல்லாம் மத்தியானம் மூணு மணிக்கு மட்டுந்தான் செக்கிங். இவன் இருபத்துநாலு மணி நேரமும் செக்கிங்னு போட்டிருக்கான். மூணு ஷிப்ட் ஆளு! கம்பெனின்னா இது கம்பெனி.”

கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் நாலு மாதம் ரூம்பாயாக இருந்தவன் நான். அது ‘செக்-இன்’, சாவி கொடுக்கிற நேரம் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். காலையிலிருந்து பெட்டி கட்டிய களைப்பு. சொன்னால் அரை மணி நேரம் வாதாடுவார். டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பையையும் எடுத்துவிட்டேன்.

பாதி தூரம் நடந்திருப்பேன். பின்னால் மொபெட் ஹாரன். அண்ணன் ஓட்ட, சரசக்கா பின்னால். அக்கா முகம் சரியில்லை.

“ஏங்கண்ணு, சொல்லாமக் கொள்ளாமப் போறயே! போறதுக்கு முன்னால உங்கக்காளுக்கு நாலு வார்த்த சொல்லு. சிங்கப்பூருக்கே வரலைங்கறா.”

“பின்ன என்னங்க தம்பி?” சரசக்கா இறங்கி நின்றார். “இருபத்திரெண்டு வருசமாச் செக்கிங்ல நின்னு காலு வீங்கிக் கெடக்குது. போற எடத்துலயும் ராப்பகலாச் செக்கிங்னா, கதவத் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்க மாட்டாங்களா? எனக்குச் சிங்கப்பூரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, தானா முழிப்பு வர்ற வரைக்கும் தூங்கோணும். அதுக்குத்தான் சரின்னதே.”

நேற்று டீயோடு விழுங்கியதை இப்போது சொன்னேன்.

“அக்கா, அது செக்கிங் இல்ல. செக்-இன். வந்தவங்களுக்குச் சாவி குடுக்கிற நேரம்.”

“அப்ப ரூமை ஆரு செக் பண்றது?” என்றார் அண்ணன்.

“ஒருத்தரும் பண்றதில்லண்ணே.”

அண்ணன் மொபெட்டுக்கு ஸ்டாண்ட் போட்டார். “செக்கிங்கே இல்லாம ஷிப்மென்ட்டா!”

சரசக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. “தம்பி, நீங்க எத்தனையோ எடத்துல படுத்தவரு. நல்ல எடம்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?”

யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தபோது லத்தி எழுப்பியது. கோயில் மண்டபத்தில் துடைப்பம் எழுப்பியது. கொமரலிங்கத்தில் ஒரு வைக்கோல் லாரியில் படுத்தேன், லாரி கிளம்பி எழுப்பியது. கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைமேல் படுத்ததுதான் மெத்தென்று இருந்தது, அங்கே கம்பெனிச் சங்கு.

“எழுப்ப ஆளில்லாத எடந்தான்க்கா நல்ல எடம். காலையில எத்தன மணிக்கு ரூமக் காலி பண்ணணும்னு போட்டிருப்பான், அத மட்டும் பாருங்க. எவன் ரொம்ப நேரம் விடுறானோ, அவன எடுங்க.”

ரோட்டோரம் நின்று போனிலிருந்த அம்புகளை மூவரும் நகத்தால் சுரண்டினோம். சிங்கப்பூரில் சுருக்கக்காரன், பன்னிரண்டு மணி. மலாக்காவில் கொக்குக்காரன், பன்னிரண்டு மணி. கோலாலம்பூரில் திரை குறைந்தவன், ஒரு மணி. மூன்றும் அண்ணன் ரிஜெக்ட் செய்தவை.

அண்ணன் கொக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். “சரி. நீ தூங்கு புள்ள. கொக்க நான் பிரிச்சு மடிச்சு வெச்சுக்கறேன்.” கடைக்குப் போன் போட்டு மூன்று பெயரையும் சொன்னார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

சரசக்கா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். “என்ர டேபிள்ல வேறாள நிறுத்துனாத்தான் லீவுன்னு சூப்பர்வைசர் சொல்லீட்டாருங்க.” என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

சுரண்டிய அம்புகளில் ஒன்றை எடுத்து அண்ணன் என் சட்டைப்பைமேல் ஒட்டினார்.

“என்னண்ணே, ரிஜெக்டா?”

“ஆல்டர், கண்ணு. ரிஜெக்ட் பீஸுக்கு நான் பெட்ரோல் போட்டுக்கிட்டு வருவனா?”

உடுமலை பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள் காலை எட்டரைக்குச் சரசக்காவின் டேபிளில், அவர் பக்கத்தில் நின்று வேலை பழக ஆரம்பித்தேன். முதல் பனியனைத் திருப்பிப் பார்த்தபோது அந்த அம்பு என் சட்டையில் அப்படியே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.